லோகஸ்ட் விறகும் அப்பாவின் கண்ணாடியும்

அன்புள்ள மகன் டேரலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உயிரோடு நலமாக இருக்கிறோம், அங்கே நீயும் யொலாண்டாவும் அதே போல நலமாக இருக்க வேண்டும். உயிரோடு என்று ஏன் எழுதுகிறேன் என்பது மேலே படித்தால் தெரியும். பதறாதே, உட்கார்ந்து படி. போனில் சொல்ல முடியாது, போன் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதுவும் போக இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு வீட்டு போன் மணியடித்தால் நாலு வீட்டில் எடுத்துக் கேட்பார்கள் என்பது உனக்கே தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அப்பாவிடம் பேசும்போது விளையாட்டாக ஒன்று சொன்னாயாம், போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது யொலாண்டா கோட்டைக் கழற்றாமலே தூங்கினாள் என்று. அரிசோனா வெயிலில் வளர்ந்த பெண், அவளுக்குக் குளிராமல் என்ன செய்யும், அவளைக் குறை சொல்லவில்லை. ஆனால் அப்பா போனை வைத்துவிட்டு ம் என்றார். மறுநாள் காலையில் பார்த்தால் அரத்தை எடுத்து வைத்துக்கொண்டு மெஷின் ரம்பத்தின் பல்லைத் தீட்டுகிறார். கொட்டகையில் பாப்ளார் கட்டை கூரை முட்ட இருக்கிறதே, இன்னும் எதற்கு என்றேன். அதெல்லாம் காகிதம் மாதிரி எரிஞ்சு போயிடும்டி, மருமகப் பொண்ணுக்கு லோகஸ்ட் கட்டை வேணும், ரெண்டு துண்டு வெச்சா விடியிற வரைக்கும் கனல் நிக்கும் என்றார். மேட்டில் வேலிக்கு அந்தப்புறம் பட்டுப்போய் நிற்கிறதே ஒரு நெட்டை மரம், அதைத்தான் குறி வைத்திருந்தார். பட்ட லோகஸ்டின் உச்சிக் கிளை எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது, அடியில் ரம்பம் அதிர்ந்தாலே போதும். அதைச் சொன்னேன். நீ அடுப்படியைப் பாரு, மரத்தை நான் பார்த்துக்கறேன் என்று போய்விட்டார். இருமலும் ஜலதோஷமும் வேறு.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு, நீ சின்னப் பிள்ளையில் பார்த்திருப்பாய். ரம்பச் சத்தம் நின்றால் கோடாரியின் பின்பக்கத்தால் மரத்தில் ரெண்டு தட்டு தட்டுவார், நான் இருக்கேன் என்று அர்த்தம். தட்டாவிட்டால் நான் வாசலில் தொங்கும் பெரிய மணியை அடிப்பேன், அப்புறம் தட்டுவார். அன்றைக்கு நான் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். ரம்பம் நின்றது. தட்டல் வரவில்லை. சரி, மூக்கைச் சிந்துகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் மடேரென்று ஒரு சத்தம், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மரம் சாய்ந்தால் முறிகிற சத்தம் நீளமாக வரும் டேரல், இது அப்படி இல்லை, ஒரே சத்தம். மணியை அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் வரவில்லை. வீட்டுச் செருப்போடு, மாவுக் கையோடு மேட்டில் ஏறினேன். என் நெஞ்சு அடித்த அடியில் அவர் கூப்பிட்டிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. போய்ப் பார்த்தால் ரம்பம் மரத்திலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் பக்கத்தில் என் இடுப்புத் தடிமனில் ஒரு கிளை மண்ணுக்குள் இறங்கிக் கிடக்கிறது, அதற்கு அடியில் உன் அப்பாவின் சிவப்புத் தொப்பி. தொப்பி மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கிளையைக் கையால் தூக்கப் பார்த்தேன். நான் கத்தினேன் என்று பக்கத்து வீட்டு ஹோபர்ட் சொல்கிறார், அவர் வீடு வரை கேட்டதாம், எனக்கு ஞாபகம் இல்லை.

அப்போது பின்னாலிருந்து, ஏண்டி லொரீனா, மாவுக் கையோட இங்க என்ன பண்றே என்று ஒரு குரல். நம் லாரி நிற்கிற பக்கத்திலிருந்து வருகிறார், வெறுந்தலையோடு, மூக்கின் மேல் படிக்கிற கண்ணாடி! கிளையைப் பார்த்தார். தொப்பியைப் பார்த்தார். அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். அவரை அடிப்பதா கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் ரெண்டும் செய்தேன்.

என்ன நடந்தது என்று ராத்திரிச் சாப்பாட்டில்தான் வாயைத் திறந்தார். பாதி அறுத்தபோது சந்தேகம் வந்துவிட்டதாம், இது லோகஸ்டா சாசஃப்ராஸா என்று. பட்டை பாதி உரிந்து போயிருக்கிறது, மிச்சப் பட்டை ரெண்டிலும் ஆழமாகத்தான் பிளந்திருக்கும். லோகஸ்டின் தூள் மஞ்சளாக இருக்கும், இப்போது அவர் கண்ணுக்கு எல்லாத் தூளும் ஒரே நிறம். மோந்து பார்த்தால் சாசஃப்ராஸ் வாசனை தெரியும், மூக்கு அடைத்திருக்கிறது. சாசஃப்ராஸ் வேரைக் காய்ச்சிக் குடிப்போமே தவிர அந்தக் கட்டையை வீட்டு அடுப்பில் வைக்க மாட்டோம், வைத்தால் அந்த வீட்டுத் தாய் போய்ச் சேர்ந்துவிடுவாள் என்பார்கள், நீ அதைக் கேட்டுச் சிரிப்பாய். உன் அப்பா சிரிக்க மாட்டார். அதனால் கொப்பில் லோகஸ்டுக்கு உரிய ஜோடி முள் இருக்கிறதா என்று பார்க்க லாரிக்குப் போய்க் கண்ணாடியை எடுத்திருக்கிறார். அந்த நேரத்தில்தான் கிளை விழுந்தது. மணிச் சத்தம் தனக்குக் கேட்கவே இல்லை என்கிறார், காதும் போய்விட்டது. அது லோகஸ்ட்தான் டேரல், தூளெல்லாம் மஞ்சள், நான் பார்த்தேன். ஓடும் லாரியிலிருந்தே மரத்தின் பேர் சொன்ன மனுஷன். அந்தப் பழைய கெத்தோடு நின்று அறுத்திருந்தால் இந்தக் கடிதத்தை உனக்கு வேறு மாதிரி எழுதியிருப்பேன். எனக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று போனதால் பிழைத்தார். அவருக்கோ அதற்குள் கிளை விழுந்த பயம் போய்விட்டது, கண்ணாடி போட்டு லோகஸ்ட்டைப் பார்த்தேன்னு பையன்கிட்ட சொல்லிடாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சொல்லிவிட்டேன். உனக்குத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே.

இப்போது என் பயம் எல்லாம் மிச்சத்தில்தான். மரம் பாதி அறுபட்டு, பக்கத்துப் பாப்ளார் மேல் சாய்ந்து நிற்கிறது. காற்றடித்தால் முனகுகிற சத்தம் சமையலறை வரை கேட்கிறது. ஹோபர்ட் வந்து பார்த்து அப்பாவிடம், டென்சில், இதைத் தொடாதே, டேரல் வரட்டும், கயிறு போட்டு இழுத்துக்கலாம் என்றார். உங்க வீட்டு மரத்துக்குப் போய் புத்தி சொல்லு என்று அனுப்பிவிட்டார் அப்பா. மாட்டியிருந்த ரம்பத்தை உருவி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார், தானே முடிப்பாராம். அதனால் அவர் தூங்கும்போது ரம்பத்தின் சங்கிலியைக் கழற்றி, ரொட்டி உறையில் சுற்றி, கோதுமை மாவு டப்பாவின் அடியில் புதைத்துவிட்டேன். கொட்டகை முழுக்கக் கலைத்துத் தேடுகிறார், வேறு இடத்துக்கு மாற்றவும் வழியில்லை, ஹோபர்ட் எடுத்துவிட்டார் என்று திட்டுகிறார். நான் டப்பாவில் கை வைக்கப் பயந்து காலையிலும் சாயங்காலமும் சோளரொட்டியே சுடுகிறேன். இன்றைக்குக் கேட்டார், மாவு தீர்ந்து போச்சா என்று. வாய் தவறி ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன்.

கண்ணு, கிறிஸ்துமஸ் வரை காத்திருக்காதே. லீவு சொல்லிவிட்டு வா, யொலாண்டா பிறகு வரட்டும், அவளுக்கு நான் ரெண்டு கம்பளி பின்னி வைத்திருக்கிறேன். வந்ததும் கையெல்லாம் துறுதுறுங்குதுப்பா, நானும் மரம் வெட்டணும் என்று சொல், அம்மா எழுதினாள் என்று சொல்லாதே. இனிமேல் போனில் குளிர் என்ற பேச்சே எடுக்காதே. கர்த்தர் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். மறந்துவிடாதே, வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை அப்பா டவுனுக்குப் போகிறார். மாவு மூட்டை வாங்கி வந்து, எனக்குச் சுமையாக இருக்கக் கூடாது என்று, எப்போதும் போல் டப்பாவைத் திறந்து அவரேதான் கொட்டுவார்.

பயத்தோடும் பாசத்தோடும்
உன் அம்மா
லொரீனா