பிள்ளையாரைச் சுற்றி அடித்த சுண்ணாம்பு

அப்பா,

நனைத்துச் சுரண்டிய சுண்ணாம்பு வாசனை மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்துவிட்டது. பாகூர் வீட்டில் என் அறைக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறார்கள். மூன்று சுவரைச் சுரண்டியாகிவிட்டது, உன் படத்தையெல்லாம் வந்து எடுத்துக்கொள் என்று தம்பி போன் செய்தான். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் 'என் அறை' என்கிறேன் பார். இப்போதெல்லாம் அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

அந்தச் சுவரை அலங்கரிக்கிறேன் என்று சின்ன வயதில் நான் படுத்திய பாடு உனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகளிலிருந்து பிள்ளையாரை மட்டும் கத்தரித்து, சோற்றுப் பருக்கை தேய்த்து வரிசையாக ஒட்டினேன். அதற்கப்புறம்தான் வினை. சாமி இருக்கும் பக்கம் கால் நீட்டக் கூடாது என்று அம்மா பிடித்துக்கொண்டாள். சாமியைக் கிழிக்கவும் கூடாதாம். நீ ஒன்றும் பேசாமல் என் கட்டிலைத் திருப்பிப் போட்டாய்.

பொங்கலுக்கு முன் நீயேதான் வெள்ளையடிப்பாய். மற்ற சுவர்களில் கை சரசரவென்று போகும். என் சுவருக்கு வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையாரையும் சுற்றி அடிப்பாய். சாமி மேல் சுண்ணாம்பு படக் கூடாது என்பாய். சரி, வில்லியனூர் தேருக்குப் போனபோது வாங்கின பாப்பா படம் எந்த ஊர்ச் சாமி? அதையும்தானே சுற்றி அடித்தாய்.

நான் நெட்டப்பாக்கத்துக்கு வாக்கப்பட்டுப் போனதும், அந்த அறையில் நெல் மூட்டை அடுக்கலாமா என்று தம்பி கேட்டானாம். "அவ வந்தா எங்கடா படுப்பா?" என்றாயாம். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ போன பிறகு அங்கே விருந்தாளி மாதிரி உட்கார்ந்துவிட்டு வருகிறேன். அது இன்னும் என் வீடுதானா என்று யாரைக் கேட்பது?

இன்று படங்களை ஒவ்வொன்றாக உரித்தேன். சுற்றிலும் சுண்ணாம்பு ஏறி ஏறி, படம் இருந்த இடமெல்லாம் சின்னப் பள்ளமாக இருந்தது. நான் இருந்த வருஷங்களுக்கு மட்டும் அவ்வளவு கனம் ஏறியிருக்காது. நான் போன பிறகும் நீ சுற்றித்தான் அடித்திருக்கிறாய். அதைத் தடவிக்கொண்டே அழுதேன், அப்பா.

கதவருகே நின்ற தம்பி பெயிண்டரை உள்ளே கூப்பிட்டான். பிறகு, "இன்னா கலர் அடிக்கலாம், நீயே சொல்லுக்கா" என்றான். பெயிண்டருக்கு முன்னால், அவன் பெண்டாட்டிக்கு முன்னால் கேட்டான். இளநீலம் என்றேன். மறுபேச்சில்லாமல் தலையாட்டினான். உன் பிள்ளையாயிற்றே.

என் மகள் அவள் அறைக் கதவு முழுக்க ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறாள். கண்ட கண்ட பொம்மைகள். வீடு பெருக்கும்போது கை பரபரக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அவளைக் கேட்காமல் ஒன்றையும் எடுப்பதில்லை. நாளைக்கு அவளும் ஒரு வீட்டுக்குப் போவாள். போன பிறகும் கேட்டுத்தான் எடுப்பேன்.