கொடுத்தாயிற்று என்று சொல்லிவிட்டேன்

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் திட்டு. மதியம் வார்டை அடுத்த ஷிஃப்ட்டிடம் ஒப்படைக்கும்போது கட்டில் கட்டிலாக ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். "ஐ ஹேவ் கிவன் இன்ஜெக்‌ஷன் அட் எய்ட்" என்றேன். தலைமை நர்ஸ் கையைத் தூக்கி நிறுத்திவிட்டார்.

"மணியைச் சொன்னா 'ஹேவ் கிவன்' வராது, 'கேவ்'தான். எத்தனை தடவைம்மா சொல்றது?"

எல்லார் முன்னாலும். காது சூடாகிவிட்டது. மாதக் கடைசியில் கண்காணிப்பாளர் அம்மா வந்து நான் ஒப்படைப்பதைக் கேட்பார். தேறினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். வீட்டில் இவர் கால் உடைந்து கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். நான் எங்கே போய் நிற்பேன்?

ஜூன் 5, வியாழன்

வெட்கத்தை விட்டு நாத்தனாரிடம் கேட்டேன். பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறாள். கேட்டதும் தலைகால் புரியவில்லை அவளுக்கு.

"அண்ணி, நேத்து, எட்டு மணிக்குன்னு முடிஞ்சுபோன நேரத்தைச் சொன்னா 'கேவ்'. எப்பன்னு சொல்லாம, இப்ப நிலைமை என்னன்னு சொல்றதுக்கு 'ஹேவ் கிவன்'."

"இன்னைக்குக் காலைலன்னா?"

"காலை இன்னும் முடியலைன்னா 'ஹேவ்' வரலாம். மதியம் ஆயிட்டா 'கேவ்'."

அட கடவுளே! ஒரே ஊசி, மதியமானதும் வேறு வாக்கியமா? அவள் சிரிக்கிறாள், எனக்கு அழுகை முட்டுகிறது. தமிழில் கொடுத்தேன், கொடுத்திருக்கேன் இரண்டும் யோசிக்காமல் வருகிறதே. இது மட்டும் ஏன் மண்டையில் ஏற மாட்டேன் என்கிறது?

ஜூன் 9, திங்கள்

வழி கிடைத்துவிட்டது! யாருக்கு என்ன மருந்து என்பது முன்கூட்டியே தெரிந்ததுதானே. மதியம் சொல்ல வேண்டியதைக் காலையில் பஸ்ஸிலேயே உருப்போட்டுவிட்டேன். கடகடவென்று ஒப்பித்தேன். தலைமை நர்ஸ் புருவத்தை உயர்த்தினார், ஆனால் நிறுத்தவில்லை.

ஜூன் 16, திங்கள்

தினமும் இப்படியே. திட்டு இல்லை. பயம் மட்டும் போகவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

ஜன்னல் கட்டிலுக்குப் புதிதாக ஒருவர். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், இதயக் கோளாறு. ரத்தம் உறையாமல் இருக்க மதியம் ஒரு மாத்திரை. தவறவே கூடாது என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். நான் முணுமுணுப்பதைப் பார்த்துவிட்டு டிரைவர், "என்னம்மா, தனியா பேசிக்கிறே? கட்டில் வேணும்னா தரட்டுமா?" என்கிறார். குறும்பு.

ஜூன் 26, வியாழன்

நாளை கண்காணிப்பாளர் அம்மா வருகிறார். சோறு இறங்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

டிரைவருக்கு மாத்திரை எடுத்துப் போனேன். கட்டில் காலி. ஸ்கேனுக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். வந்ததும் கொடுக்கலாம் என்று கிண்ணத்தைத் தள்ளுவண்டியில் வைத்தேன். அதற்குள் கண்காணிப்பாளர் அம்மா வந்துவிட்டார்.

ஆரம்பித்தேன். ஒரு தடங்கல் இல்லை. ஜன்னல் கட்டில் — "ஹி ஹேஸ் டேக்கன் ஹிஸ் டாப்லெட்." அந்த அம்மா தலையாட்டினார். அடுத்த ஷிஃப்ட் நர்ஸ் குறித்துக்கொண்டாள். அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தபோது தள்ளுவண்டி இடித்தது. கிண்ணத்தில் மாத்திரை அப்படியே இருக்கிறது.

அடிப்பாவி, என்ன சொல்லிட்டேன்!

ஒரு நொடி — ஒரே ஒரு நொடி — வாயை மூடிக்கொள்ளலாமா என்று தோன்றியது. அப்புறமாக அடுத்த ஷிஃப்ட் நர்ஸிடம் ரகசியமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று. மறந்துபோனால்?

"நோ! நோ டாப்லெட்! ஹி ஸ்கேன் கோ. ஐ நாட் கிவ்!"

உருப்போட்டதெல்லாம் காற்றில் போய்விட்டது. தலைமை நர்ஸ் கண்ணை மூடிக்கொண்டார். கண்காணிப்பாளர் அம்மா தமிழுக்கு மாறினார். "அப்போ சாப்பிட்டாச்சுன்னு ஏன் சொன்னீங்க?"

"காலைலயே மனப்பாடம் பண்ணிட்டேன் மேடம்."

யாரும் சிரிக்கவில்லை. டிரைவர் திரும்பி வந்ததும் மாத்திரையைக் கொடுத்து, முழுங்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

ஜூன் 28, சனி

இவரிடம் சொன்னேன். "நல்லவேளை வாயைத் திறந்தே" என்றார். அவ்வளவுதான். நாத்தனார் மட்டும் ஏனோ அழுதாள்.

ஜூலை 1, செவ்வாய்

கூப்பிட்டு விட்டார்கள். வேலை போகவில்லை, நிரந்தரமும் ஆகவில்லை. இன்னும் ஒரு மாதம் பார்ப்பார்களாம். அதுவரை ஒவ்வொரு கட்டிலருகிலும் நின்று, ஆளைப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும். தப்பாகப் பேசினாலும் பரவாயில்லையாம்.

ஜூலை 2, புதன்

பஸ்ஸில் வெளியே பார்த்துக்கொண்டு போனேன். மதியம் ஜன்னல் கட்டில் வந்ததும் டிரைவர் ஆவென்று வாயைத் திறந்து காட்டினார். "நல்லா பாத்துக்கோம்மா, உள்ளே போயிடுச்சு!" பார்த்துவிட்டுச் சொன்னேன். தலைமை நர்ஸ், "மணி சொன்னியே, 'கேவ்'" என்றார். திருத்திச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். காது சூடாகவில்லை.