வட்டு விழும் இடத்தில்

அன்புத் தம்பி குணா,

இந்த ஆண்டும் பிள்ளைகளுக்குத் திடல்தடப் போட்டியை நடத்திவிட்டோம். நீ முதலில் கேட்கக்கூடியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மழை இல்லை. மெர்போக் தோட்டத்துத் திடலில் புல் காய்ந்து கிடந்தது.

சுங்கை பட்டாணியில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறானே செல்வம், அவன்தான் இப்போது உன் இடத்தில் நின்று எல்லாவற்றையும் பார்க்கிறான். கோடு போட்டது அவன், கெமா என்று நாம் சொல்லும் கூடாரத்தைக் கட்டியது அவன். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் மட்டும் இந்த முறை மிஞ்சிவிட்டது. பாதிப் பெற்றோர் பிள்ளைகளை அனுப்பவில்லை.

உன் மனைவி ராணி வரவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு கோலா கெடாவில் தன் அண்ணன் வீட்டுக்கே போய்விட்டாள். நானும் வா என்று கூப்பிடவில்லை. எந்த வாயால் கூப்பிடுவது?

போன வருடம் பெண்கள் வட்டெறிதல் நடக்கும்போது தூறல். வட்டு விழுந்த இடத்தைக் குறிக்க அடித்த முளையைப் பிடுங்கக் குனிந்திருந்த உன் தலையில், துர்காவின் கையிலிருந்து வழுக்கிப் போன வட்டு விழுந்தது. ஆஸ்பத்திரியில் நீ கண் திறக்கவே இல்லை. விபத்து என்று போலீஸ் எழுதிக்கொண்டது. எனக்கும் அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒன்று மட்டும் புரியவில்லை, குணா. எறிகிறவர் மேலிருந்து கண்ணை எடுக்காதே என்று தொண்டர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் நீ. வட்டைத் திருப்பி எறியாதே, உருட்டாதே, நடந்துபோய்க் கையில் கொடு என்று தொண்டை வறளக் கத்தியவன் நீ. அன்று ஏன் குனிந்தாய்?

இனி வட்டெறிதலே வேண்டாம் என்றான் செல்வம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதை எடுத்துவிட்டால், நடந்ததெல்லாம் அவளால்தான் என்று துர்காவிடம் நாங்களே சொன்னதாகிவிடும். அவளுக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடத்துக்கும் ஒழுங்காகப் போவதில்லை என்று கேள்விப்பட்டு அவள் வீட்டுக்குப் போனேன். சமையலறைக் கதவை விட்டு அவள் வெளியே வரவில்லை.

"என்னைப் பாத்தா உங்களுக்கு ஒண்ணும் தோணலையா டீச்சர்?" என்றாள்.

"தோணுதும்மா. அதனாலதான் வந்தேன்."

நான் கேட்டதற்காகப் போட்டிக்கு வந்தாள்.

அவள் பெயரை அழைத்ததும் என்ன நடந்தது தெரியுமா? வட்டு விழும் பக்கத்தில் நின்றிருந்த நம் தொண்டர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். ஒருவனுக்கு ஐஸ் வாங்கப் போகவேண்டியிருந்தது. இன்னொருவனுக்குப் போன் வந்துவிட்டது. எல்லாரும் நல்ல பிள்ளைகள்தான், உன் பாடையைத் தூக்கியவர்கள்தான். யாராவது போங்கப்பா என்று செல்வம் இரண்டு முறை கேட்டான். அவனும் போகவில்லை.

கெமாவுக்குள்ளிருந்து ஒரு குரல்: "ஹெல்மெட் போட்டுக்கிட்டுப் போ லா."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். துர்கா திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டுவிட்டாள் என்பது அவள் முதுகிலேயே தெரிந்தது.

நான் முளையை எடுத்துக்கொண்டு போனேன். வகுப்பில் மேசை மூடியில் விரல் நசுங்கிய பிள்ளையிடம், மேசை ஒன்றும் செய்யாது என்று எத்தனை தடவை சொன்னாலும் அது தொடாது. டீச்சர் தன் கையை வைத்துத் திறந்து மூடிக் காட்டவேண்டும். முப்பது வருடம் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் இது மேசை இல்லையே.

எல்லைக் கோட்டுக்கு வெளியே, நீ நிற்கச் சொல்லும் தூரத்தில், அவளைப் பார்த்தபடி நின்றேன்.

"டீச்சர், அங்க நிக்காதீங்க. ஆள் நின்னா எறிய மாட்டேன்."

"ஆள் இல்லாம எப்படிம்மா அளக்குறது?"

"அளக்க வேணாம்."

முதல் வாய்ப்பில் வட்டைப் பிடித்தபடி நின்றாள். நேரம் முடிந்து செல்வம் சிவப்புக் கொடியைத் தூக்கினான். இரண்டாவது வாய்ப்பிலும் அப்படியே. மூன்றாவதில், சுழலாமல், கையை முழுதாக வீசாமல், வேண்டாத ஒன்றைக் கீழே போடுவதுபோல எறிந்தாள். அவள் காலுக்குக் கொஞ்சம் முன்னால் விழுந்தது. மாவட்ட அளவில் பரிசு வாங்கிய கை அது, குணா.

அங்கே போய் முளையை அடித்தேன். எவ்வளவு கிட்டே விழுந்தாலும் அளக்காமல் விடமாட்டாயே நீ. செல்வம் நாடாவின் மறுமுனையைப் பிடிக்க வந்தான். கடைசி இடம். பிறகு வட்டைத் தூக்கிக்கொண்டு நடந்துபோய் அவள் கையில் கொடுத்தேன்.

வாங்கியதும் சட்டையில் துடைத்தாள். வட்டு காய்ந்துதான் இருந்தது. திடலும் காய்ந்திருந்தது. ஆனாலும் துடைத்தாள். அடுத்த பிள்ளையின் பெயரை அழைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். நான்தான் மெல்ல அவள் விரல்களைப் பிரித்து வட்டை வாங்கவேண்டியிருந்தது.

அடுத்த வருடம் வருவேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் எப்போது வந்தாலும் அந்தப் பக்கம் ஆளில்லாமல் இருக்காது. கண்ணை எடுக்காமல் நிற்பேன், குனியமாட்டேன். அவள் எறிந்ததை நடந்தே கொண்டுபோய்க் கையில் கொடுப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

முளைகள் இப்போது என் வீட்டில் இருக்கின்றன.

உன்னைத் தூக்கி வளர்த்த அக்கா,
சரோஜா