உங்ககிட்ட இருக்கிற பாதி

திருவண்ணாமலை
செவ்வாய்க்கிழமை

என்னங்க,

வீட்ல எல்லாரும் சௌக்கியம். மாமாவுக்கு இருமல் கம்மியாயிருக்கு. பஸ் சத்தம் கேட்டா அத்தை வாசலுக்குப் போறாங்க. திரும்பி வந்து என் முகத்தைப் பாக்கறாங்க.

நீங்க கோச்சிங் கிளாசுக்காக மெட்ராசுக்குக் கிளம்பின அன்னிக்கு, பேங்க் பரீட்சைக்கு வாங்கின இங்கிலீஷ் வார்த்தைப் புத்தகத்தை நடுவுல கிழிச்சு, முன்பாதியை எடுத்துக்கிட்டீங்க. ஆளுக்குப் பாதி படிப்போம், பௌர்ணமிக்கு வந்து மாத்திக்கலாம்னு சொன்னீங்க. ரெண்டு பௌர்ணமி போயிடுச்சு. மலை சுத்தற கூட்டம் கலையற வரைக்கும் தெருவுல நின்னேன்.

என் பாதி முழுக்க மனப்பாடம். 'ஆப்ஸ்டினேட்'னா பிடிவாதம். அதே அர்த்தத்துல 'ஸ்டபர்ன்'. ரெண்டும் இங்கயே இருக்கு. எதிர்ச்சொல் 'டோசைல்'னு போட்டிருக்கு, அது 'டி' வரிசை, அர்த்தம் உங்க பாதியில. சாந்தமா இருக்கறதா, பயந்து அடங்கறதா? சோறு வடிக்கும்போதும் அதே யோசனை. கஞ்சியைக் கையில ஊத்திக்கிட்டேன்.

எதிர்வீட்டு தசரதன் மெட்ராஸ் போயிட்டு வந்தார். நீங்க கோச்சிங் கிளாசை விட்டு ரொம்ப நாளாச்சுன்னார். இன்னும் என்னமோ சொல்ல வாயெடுத்தார். அடுப்புல பால் இருக்குன்னு சொல்லி உள்ள வந்துட்டேன். பால் எதுவும் இல்ல.

ரெண்டு பேருக்கும் ஹால் டிக்கெட் வந்துடுச்சு. உங்களோடதை இதுக்குள்ள வெச்சிருக்கேன். வர்ற மாசம் வேலூர்ல பரீட்சை. தனியாவே போறேன்னு மாமாகிட்ட சொல்லிட்டேன்.

உங்களை வரச்சொல்லி எழுதல. அந்தப் பாதிப் புத்தகத்தை மட்டும் தபால்ல அனுப்பிடுங்க. மீதியையும் நானே படிச்சுக்கிறேன்.

இங்கிருந்து,
உங்க வீட்டுக்காரி