நகப்பூச்சுக் கோடு

ஹமாதா
மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சிஹாருவுக்கு,

பிளம் பூவெல்லாம் உதிர்ந்துவிட்டது. குளிர் மட்டும் இன்னும் போக மனசில்லாமல் கடற்கரையிலேயே நிற்கிறது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகம்தானே? கடிதம் என்றால் முதலில் இதையெல்லாம் விசாரிக்க வேண்டும் என்பாள் உன் அம்மா. விசாரித்துவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் வண்டியின் இடது கதவு இப்போது ஒற்றை விரலில் மூடிக்கொள்கிறது.

நம்பமாட்டாய், தெரியும். புத்தாண்டுக்கு வந்தபோது நீ என்ன சொன்னாய்? "இந்தக் கதவைத் தூக்கிச் சாத்தவே தனியா ஒரு ஆள் வேணும்ப்பா. வயித்தை வச்சுக்கிட்டு இதுல நான் ஏறவே மாட்டேன்" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஆனால் போன மாதம் போனில், பிரசவத்துக்கு இங்கே வருவதா என்று முடிவு செய்யவில்லை, மாமியார் செண்டாயிலேயே இருக்கச் சொல்கிறார் என்றாயே, அன்றிலிருந்து அந்தக் கதவுதான் என் கண்ணில் நிற்கிறது. தலைப்பிள்ளைக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருவது நம் வழக்கம். தாய் போய்ச் சேர்ந்த வீட்டுக்கு எப்படி வருவது என்று நீ வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்குப் புரியாமல் இல்லை. அதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது. கதவுக்காவது செய்யலாமே என்று இறங்கிவிட்டேன்.

துறைமுகத்தில் படகு என்ஜின் பழுதுபார்த்த குனிமோட்டோவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கதவை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தான். "கீல் ரெண்டும் தேஞ்சு போச்சுடா தெட்சு. இந்த வண்டிக்கு இப்ப சாமானே வர்றதில்ல. தூக்கிப் போடு" என்றான். "உன் தலையில முடி வர்றதில்லன்னு உன்னைத் தூக்கிப் போட்டேனா? இன்னும் உக்கார வச்சு வெட்டிக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனவன், மறுநாள் காலையில் அவனே வாசலில் வந்து ஹாரன் அடித்தான். மசுதாவில் பழைய வண்டி உடைக்கிற இடம் ஒன்று இருக்கிறதாம்.

அங்கே நம்முடையதைப் போலவே ஒரு வண்டி, முன்பக்கம் நசுங்கிக் கிடந்தது. அதன் இடது கீல்கள் அப்போதுதான் கடையில் வாங்கியவை போல இருந்தன. "பாவம், பக்கத்துல ஒரு ஆளை ஏத்தாமலே ஓட்டியிருக்கான்" என்றான் குனிமோட்டோ. எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. நம் கீல் தேய்ந்ததே அம்மா ஏறி இறங்கித்தானே. படுக்கையில் கிடக்கும் பெரியவர்களுக்கு முடிவெட்டப் போவோம், ஒவ்வொரு வீட்டிலும் கத்திரிப் பெட்டியோடு அவள்தான் முதலில் இறங்குவாள்.

அந்தக் கீல்களைக் கழற்றி வாங்கிவந்து, இன்று காலை வேலையை ஆரம்பித்தோம். கதவுக்கு அடியில் ஜாக்கி வைத்து, பெயின்ட் உரசாமலிருக்க வீட்டு மெத்தைத் திண்டை மடித்து அதன்மேல் வைத்தோம். துருப்பிடித்த போல்ட்டுகள் லேசில் அசையவில்லை. கதவைக் கழற்றி, திருவிழாப் பல்லக்கைத் தூக்குகிறவர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றோம். கிழவர்கள் இருவருக்கும் இடுப்பு போயிற்று. ஆனால் மாட்டிய பிறகு பார்க்க வேண்டுமே, கதவு இம்மிகூடத் தொங்கவில்லை. ஆசையாய்ச் சாத்தினேன். டங்கென்று இடித்துத் திரும்பி வந்துவிட்டது.

"நீதான் கோணலா மாட்டின" என்றான். "நீதான் சரியாப் பிடிக்கல" என்றேன். சோற்று உருண்டைகூடச் சாப்பிடாமல் சண்டை போட்டோம். பிறகு அவன்தான் குனிந்து, கதவுப் பூட்டு போய் மாட்டுகிற கொக்கியைப் பார்த்தான். கதவு வந்து சேரும் நடுத்தூணில் இருக்குமே, அதை யாரோ தளர்த்திக் கீழே இறக்கி வைத்திருந்தார்கள். கதவு தொங்கத் தொங்க, அதற்கு எட்டுகிற மாதிரி. அதற்குப் பிறகும் கதவு இன்னும் தொங்கியதால்தான் நாம் தூக்கிச் சாத்த வேண்டியிருந்தது. கொக்கி முன்பு இருந்த இடத்தில், அதன் மேல்விளிம்புக்கு நேராகச் சின்னதாய் ஒரு சிவப்புக் கோடு. பெயின்ட் இல்லை. அம்மாவின் நகப்பூச்சு.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சிஹாரு. எப்போது செய்தாள் என்றே தெரியவில்லை. கதவு சாத்துவதே என் கைராசிதான் என்று நான் பீற்றிக்கொண்டிருந்தேன், அவளும் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்றாவது கீலை மாற்றினால் கொக்கியைப் பழைய இடத்தில் வைக்க வேண்டுமே என்று அடையாளமும் போட்டு வைத்திருக்கிறாள். "உன் வீட்டம்மா உன்னை ரொம்பத்தான் நம்பியிருக்காங்கடா. எனக்கே அந்த நம்பிக்கை இல்ல" என்றான் குனிமோட்டோ. நான் அழுதுவிட்டேன். அவன் ஸ்பேனரைத் துடைக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கொக்கியைக் கோட்டுக்கு ஏற்றி முடுக்கினோம். விரலால் தள்ளினேன். க்ளிக். அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகள் மாதிரி மாற்றி மாற்றித் திறந்து மூடிக்கொண்டிருந்தோம். பிறகு கடற்கரை வரை ஓட்டிப் பார்த்தோம். அங்கே குனிமோட்டோ இறங்கி, பழக்க தோஷத்தில் கதவைத் தூக்கி ஓங்கிச் சாத்தினான் பார், வண்டியே ஆடிப்போயிற்று. மீன்கடை நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது. திட்டிக்கொண்டே இறங்கிப் போய் நான் திறந்து மூடினேன். நானும் தூக்கித்தான் சாத்தினேன். கைக்கு இன்னும் சேதி எட்டவில்லை.

உன் அறையின் மெத்தையை வெயிலில் போட்டாயிற்று. ஆஸ்பத்திரி மருத்துவச்சியிடமும் பேசிவிட்டேன், இடம் இருக்கிறதாம். மிசோ சூப் எனக்கு ஓரளவு வருகிறது. பிள்ளையைக் குளிப்பாட்ட யார் இருக்கிறார்கள் என்று யோசிக்காதே. ஊரார் தலையையெல்லாம் கழுவியே காலம் தள்ளியவன் நான், என் பேரப்பிள்ளையின் தலையைக் கழுவ மாட்டேனா?

உன் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல். நல்ல மனுஷி, அவரோடு எனக்குப் போட்டியில்லை. முடிவு உன்னுடையது, நான் வற்புறுத்தவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் வற்புறுத்துகிறேன்.

உடம்பைக் குளிர்படாமல் பார்த்துக்கொள். எந்த ரயில் என்று மட்டும் சொல், ஸ்டேஷன் வாசலில் நிற்கிறேன். அம்மா போட்ட சிவப்புக் கோட்டை நான் துடைக்கவில்லை, ஏறும்போது பார். உட்கார்ந்ததும் பழக்கத்தில் கதவைத் தூக்கிவிடாதே, அம்மா. இனி நீ ஒன்றையும் தூக்க வேண்டாம். விரல் வைத்தால் போதும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அப்பா
தெட்சுரோ