சோதனைத் தண்ணீரைக் குடித்தது யார்

அன்புள்ள லூர்து,

நான் குடிக்காத தண்ணீரைக் குடித்ததாக என்மேல் பழி போட்டார்கள். மற்றபடி சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

எங்கள் முனைவர் பட்டப் பயிற்சியை ஓசூர்க் கல்லூரியும் பெங்களூர் ஆய்வகமும் சேர்ந்து நடத்துவது உனக்குத் தெரியும். சனிக்கிழமை சானமாவுக் காட்டுப் பக்கம் ஏரித் தண்ணீர் எடுக்கப் போனோம். கூடவே ஒரு பாட்டில் காய்ச்சி வடித்த சுத்தத் தண்ணீரும் சோதனைக்காகக் கொண்டுபோவோம். வழியில் அழுக்குக் கலந்ததா என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்; அது இல்லாவிட்டால் அன்று எடுத்ததெல்லாம் வீண். புறப்படும்போது பார்த்தால் பாட்டில் காலி.

"வெயிலு தாங்காம தாத்தாதான் குடிச்சிட்டாரு" என்றான் உடன் படிக்கும் ரோஷன்.

அறுபத்திரண்டு வயதில் படிக்க வந்தால் எல்லாப் பழியும் எனக்கா? "யாருன்னு தெரியற வரைக்கும் ஜீப்புல ஏறமாட்டேன்" என்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். யானை நடமாடும் இடம். அன்று ஒன்றும் வரவில்லை, பயப்படாதே. டிரைவர்தான் கெஞ்சினார்.

கடைசியில் பெங்களூர்ப் பேராசிரியை சுமா மேடம் கையைத் தூக்கினார். "அய்யோ சார், தாகத்துல நானே குடிச்சிட்டேன். ருசியே இல்லையேன்னுகூட நெனச்சேன்!"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான்.

ஆனாலும் விடுவதாக இல்லை. புதன்கிழமை மறுபடி போகும்போது சோதனைப் பாட்டில் என் பையில்தான் இருக்க வேண்டும். மேடம் குடிக்கத் தனியாகத் தண்ணீர் கொண்டுவர வேண்டும். ரோஷன் இனி அண்ணா என்று கூப்பிட வேண்டும். நான் வீட்டில் மறந்துவிட்டு வந்த எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலை நீ பார்சலில் அனுப்பக் கூடாது. ரயிலேறி நீயே கொண்டுவர வேண்டும்.

அற்புதராஜ்