ஆறு மணி நடை

ஜூலை 3, வியாழன்

என் மனைவி ஞானசௌந்தரி, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிப் பன்னிரண்டாம் நாள். நெஞ்சைத் திறந்து மூன்று அடைப்புகளுக்கு பைபாஸ். ஃபிரிட்ஜ் கதவில் அட்டவணை ஒட்டியிருக்கிறேன்: ரத்த அழுத்தம், நாடி, எடை, உணவு, நடை, மூச்சுப் பயிற்சி. முப்பத்திரண்டு ஆண்டு கல்லூரியில் வேதியியல் நடத்தியவனுக்கு வேறென்ன தெரியும்?

மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் மேலே ஏறும் கருவி ஒன்று தந்திருக்கிறார்கள். காலையில் இரண்டு பந்துதான் ஏறியது. "போதுங்க, நெஞ்சு வலிக்குது" என்றாள். பத்து மணிக்கு என் கைபேசியில் ராஜகோபால் கூப்பிட்டார். பள்ளி ஆசிரியையாக இருந்த இவளுக்குச் செய்த அதே நாளில் அதே அறுவை செய்துகொண்டவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் பக்கத்துக் கட்டில். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"இன்னா டீச்சர், மூணாவது பந்து ஏறிச்சா இல்லியா? எனுக்கு நேத்தே ஏறிடுச்சு!"

தையல் வலிக்காதிருக்கத் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தாள். உடனே கருவியை எடுத்து இழுத்தாள். மூன்று.

அட்டவணையில் 3 என்று எழுதினேன். சந்தோஷப்பட வேண்டிய எண். பட்டேனா?

ஜூலை 6, ஞாயிறு

ராஜகோபால் வீடு சேலையூரில் எங்கள் குடியிருப்புக்குப் பின்பக்கம்தானாம். ஒரு காலத்தில் இங்கே நெல் விளைத்த குடும்பம். இப்போது அங்கே வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். மாலை ஆறு மணிக்குப் பூங்காவுக்கு வந்துவிட்டார். நடைபாதையில் இருவர்தான் சேர்ந்து நடக்க முடியும். அவர்கள் முன்னால், தண்ணீர் பாட்டிலோடு நான் பின்னால்.

"தப்பா நெனச்சுக்காத சார். நாங்க ரெண்டு பேரும் ஒரே நாள்ல மெக்கானிக் ஷெட்லேர்ந்து எறங்குன வண்டி. ஸ்பீடு ஒண்ணா கீது" என்றார்.

பதினேழு நிமிடம் நடந்தாள். நேற்று வரை என்னோடு பத்துதான்.

ஜூலை 7, திங்கள்

என் நெஞ்சில் தழும்பு இல்லை. அவ்வளவுதான் என் குறை.

ஜூலை 9, புதன்

இன்று பின்னால் வரும்போது காதில் விழுந்தது.

"கண்ணு முழிச்சப்ப வாயில குழாய். செத்துட்டேன், அதான் பேச்சு வரலைன்னு நெனச்சேன்" என்றாள் அவரிடம்.

"எனுக்கும் அதே கததான் டீச்சர்."

நான் கேட்டபோதெல்லாம் "நல்லா இருக்கேங்க" என்பதைத் தவிர ஒரு வார்த்தை வந்ததில்லை. மணமாகி நாற்பத்து நான்கு ஆண்டு. எழுபத்தொரு வயதில் பொறாமையா? அந்த மாதிரிப் பொறாமை இல்லை — பின் எந்த மாதிரி? விளக்க முடியவில்லை. ஆனால் இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

"சாயங்காலக் காத்து உனக்கு ஆகாதாம். டாக்டர் காலையில நடக்கச் சொல்றார்" என்று அவளிடம் சொன்னேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.

ராஜகோபாலைப் போனில் கூப்பிட்டு, தொற்று பயம், வெளியாட்கள் கூடாது, போனிலும் பேசக் கூடாது என்றேன்.

"அப்டியா? டீச்சர ஜாக்கிரதையா பாத்துக்க சார். நான் கேட்டேன்னு சொல்லு."

சொல்லவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

ஆலயத்தில் பாவ அறிக்கை சொல்லும்போது உதடு மட்டும் அசைந்தது.

ஜூலை 16, புதன்

காலை நடை, வீட்டுத் தெருவிலேயே, ஒன்பது நிமிடம். இட்லி ஒன்று. பந்து இரண்டு. நாளெல்லாம் மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருக்கிறாள்.

"என்ன யோசனை?"

"ஒண்ணுமில்லீங்க."

அவர் பெயரை ஒருமுறையும் எடுக்கவில்லை. மறந்துவிட்டாள் என்று — எழுத வெட்கமாக இருக்கிறது — மகிழ்ந்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

கேளம்பாக்கத்திலிருந்து மகள் பிளஸ்ஸி வந்தாள். அம்மா பாதி இட்லியோடு தட்டைத் தள்ளியதைப் பார்த்துவிட்டு நேராக அட்டவணையிடம் போனாள்.

"அப்பா, பத்தாம் தேதி வரைக்கும் எல்லாம் ஏறுது. பதினொண்ணுலேர்ந்து இறங்குது. என்ன மாத்துனீங்க?"

"நடக்கிற நேரத்தை."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லம்மா."

ஒரு சோதனையில் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். இரண்டை மாற்றினேன். ஒன்றைத்தான் சொன்னேன். கோழை.

ஜூலை 21, திங்கள்

காலை மாத்திரை கொடுக்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லுங்க. ராஜகோபால் என்னைக்குப் போனார்?"

"எங்கே?"

"நான் பயந்துடுவேன்னுதானே சொல்லாம இருக்கீங்க. போனும் வரல, பார்க்குக்கும் கூட்டிட்டுப் போகல. நேரத்தை மாத்துனப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒரே நாள் ஆபரேஷன். அவருக்கே ஆயிடுச்சுன்னா, அடுத்தது நான்தானே?"

பத்து நாளாகச் சாவுக்கு வரிசையில் நின்றிருக்கிறாள். நிற்க வைத்தவன் நான். அதையும் என் கருணை என்று நினைத்திருக்கிறாள்.

ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன். என்ன காரியம்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பொறாமை என்ற சொல்லையும் வாய்விட்டுச் சொன்னேன். "உயிரோட இருக்காரா?" என்று இரண்டு முறை கேட்டாள். இருக்கிறார் என்றேன். கையை விட்டாள்.

"வெளியில போங்க."

ஜூலை 22, செவ்வாய்

என்னோடு பேச்சில்லை. கோபத்தோடு மூன்று இட்லி சாப்பிட்டாள்.

ஜூலை 23, புதன்

ராஜகோபால் வீட்டுக்குப் போனேன். தெரு முனையில் இரண்டு முறை திரும்பிவிடப் பார்த்தேன். அவர் மனைவி முனியம்மா கேட்டைத் திறந்தார்.

"வா சார். பத்து பன்னெண்டு நாளா வூட்லியே குந்திகினு கீறாரு. டீச்சருக்கு எதனா ஆயிப்போச்சா, சார் மறைக்கிறாரான்னு ஒரே பேஜாரு."

நின்றபடியே சொன்னேன். ராஜகோபால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னா சார் நீ. படிச்ச மனுசன்" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

முனியம்மாதான் பேச்சைத் தொடர்ந்தார். "இந்த ஆள் மேலயா பொறாமைப்பட்ட? டீச்சராண்ட வாய் மூடாத பேசறாராமே! என்னாண்ட நாள் பூரா நாலு வார்த்த வராது சார். நாளைக்கு நானும் வரேன் பார்க்குக்கு. அப்படி இன்னாதான் பேசறாருன்னு பாக்கறேன்."

ஜூலை 26, சனி

மூன்று நாளாக மீண்டும் மாலை ஆறு மணி. முன்னால் அவர்கள், பின்னால் முனியம்மாவும் நானும். பொறாமை போய்விட்டதா? இல்லை. அவர் என்னவோ சொல்லி அவள் சிரித்தபோது அது அப்படியே வந்தது.

இன்று இரண்டாவது சுற்றில் ஞானம் நின்றாள். முனியம்மாவை முன்னால் போகச் சொல்லிவிட்டு நான் வரும்வரை காத்திருந்தாள். திங்கட்கிழமைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு:

"ஆபரேஷன் அன்னைக்கு ஆறு மணி நேரம் நான் உள்ள கெடந்தேன். நீங்க வெளியில என்ன பண்ணிட்டிருந்தீங்க? ஒருநாளும் சொல்லலியே."

நீ கேட்கவில்லையே என்று வாய் வரை வந்தது. விழுங்கினேன். கர்த்தருடைய ஜெபம் பாதியில் மறந்துபோனதைச் சொன்னேன். நாற்காலியை விட்டு எழுந்தால் நல்ல செய்தி வந்து, ஆளைக் காணாமல் திரும்பிவிடும் என்று பயந்து, கழிவறைக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல இன்னும் இருந்தது. அவள் மெதுவாக என் பக்கத்தில் நடந்து வந்தாள்.

அடுத்த வளைவிலிருந்து ராஜகோபால் குரல் கொடுத்தார். "இன்னா டீச்சர், வர்றீங்களா இல்லியா?"

"நீங்க போங்க," என்றாள். "இவர் இன்னும் முடிக்கல."